ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல்

நுவரெலியா நில அளவைக் கந்தோர், இரண்டாம் மாடி.
திலகசிறி மாத்தையா தூசு தட்டிப் பிரித்து
நாலு மூலைக்கும் கனம் வைத்தார்:
முத்திரைப் பெட்டி, இரண்டு பேரேடு,
அவருடைய சோற்றுப் பார்சல்.

கொத்மலை ஓயாவின் பள்ளத்தாக்கு
மேசையில் கிடந்தது.
அணை வராத காலத்துப் படம்.

மண்நிறத்தில் சமவுயரக் கோடுகள்.
சாதாரண தரத்தில் இடவிளக்கப் படத்துக்குப் பதினைந்து புள்ளி.
நெருங்கினால் செங்குத்து, விலகினால் சாய்வு
என்றெழுதிப் பதின்மூன்று வாங்கினேன்.
நெருங்கிய கோடுகளில்தான் அம்மா கொழுந்து எடுத்தாள்.
அதை யாரும் கேட்கவில்லை.

தோட்டத்துக்கு
எந்தத் துரையோ கப்பலில் கொண்டுவந்த பெயர்,
எழுத்துக்கு எழுத்து இடம்விட்டு
மலை முழுக்க நீட்டிப் போட்டிருந்தது.
நாங்கள் சொல்லும் புகைமலை அதில் இல்லை.
பங்களாவுக்குப் பெயர் உண்டு. ஸ்டோருக்குக் குறி உண்டு.
லயங்கள்?
பூதக்கண்ணாடி கேட்டேன்.
எரிந்த தீக்குச்சித் துண்டுகள் மாதிரி
கறுப்புக் கறுப்பாய் ஒன்பது.
வளைவுக்குக் கீழே ஆறாவது எங்களுடையது.
பன்னிரண்டு காம்பிரா, எழுபத்தெட்டு சனம்,
தீக்குச்சியில் பாதி.

ஆனால் நான் வந்தது கறுப்புக்கு இல்லை, நீலத்துக்கு.

லயத்துக்குக் கீழே அந்த மட்டத்தில்
குடும்பத்துக்கு ஏழு பேர்ச் என்று
கல் நட்டு, ரிப்பன் வெட்டி, கேக் தின்றாயிற்று.
சுபத்ரா ஒருத்திதான் சொன்னாள்:
"அங்க நட்ட கொய்யா ஒண்ணும் ரெண்டு வருசம் தாண்டல.
வேரு அழுகுது.
கீழ என்னமோ இருக்கு."

இருந்தது.
தலைமயிர் கனத்தில் ஒரு கோடு
மேல் காட்டில் பிறந்து
ஆறாம் லயத்தை உரசி இறங்கி
மட்டத்தின் நடுவாலே நடந்து
ஓயாவில் விழுகிறது.
புதுப் படத்தில் இல்லை.
இடையில் யாரோ கல்லும் மண்ணும் கொட்டி மூடி
மேலே தேயிலை நட்டிருக்கிறான்.
அப்புறம் தேயிலையும் போய், மானாப்புல்.

"பாருங்க மாத்தையா" என்று நிமிர்ந்தேன்.
அவர் விரல் வேறெங்கோ போயிருந்தது,
ஓயா அகலும் இடத்துக்கு:
வயல்குறி, விகாரை, ஒரு பள்ளிக்கூடம்,
சாய்ந்த எழுத்தில் ஓர் ஊர்.
"இது எங்க அம்மாட கம."
இப்போது அது நீர்த்தேக்கத்தின் அடி.
வறட்சி வருசத்தில் ஏழு படிக்கட்டு வெளியே தெரியுமாம்.
போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவாராம்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.
அவரும் காத்திருக்கவில்லை.
"பழைய படம். வழக்குக்குச் செல்லாது" என்றார்.
பிறகு கேட்காமலே பென்சில் எடுத்து
புதிதாய் நட்ட நாலு கல்லையும்
நகலில் குறித்தார்.
நீலம் அவற்றின் நடுவே போனது.
நகலுக்குக் காசு வாங்கினார்.
பென்சிலுக்கு வாங்கவில்லை.

அன்று ராத்திரி பிள்ளைக்காம்பிராவில்
தரையில் விரித்தோம்.
"இதுல நம்ம எங்க?" என்றாள் சுபத்ரா.
காட்டினேன்.
பெருவிரலை வைத்துப் பார்த்தாள்.
ஒன்பது லயமும் மறைந்தன,
பங்களாவும்தான்.
சிரித்தாள்.

மனு எழுத உட்கார்ந்தபோது அடுத்த தொல்லை.
அந்த ஓடைக்கு என்ன பெயர்?
படத்தில் பெயர் இல்லை.
மூடின பிறகு பிறந்தவர்கள்தான் எல்லாரும்.
லோகிதராஜா சொன்னான்:
"கொய்யாக் கானுன்னு போடுங்க."
போட்டோம். மூன்றாவது வரியில் இருக்கிறது,
பிரதேச செயலாளர் அவர்களுக்கு, பதிவுத் தபாலில்.

பதில் இன்னும் இல்லை.
ஐப்பசி மழை தொடங்கிவிட்டது.
நேற்று ராத்திரி
கல் நட்ட இடத்தில்
தவளைச் சத்தம்.